கோல்ட் நகலா, ரூகர் வக்கேரோவா: டிரிகர் மக்கர் பண்ணும்போது

கௌபாய் துப்பாக்கிப் போட்டிக்கு இரண்டு சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர் வேண்டும் (ஒவ்வொரு முறை சுடவும் பின்னாலுள்ள சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்து நிறுத்த வேண்டிய கைத்துப்பாக்கி). முதலில் நான் வைத்திருந்தது 1873 கோல்ட்டின் இத்தாலிய நகல் ஜோடி. மூன்றாம் வருஷம் அதை விற்றுவிட்டு அதே பாணியில் ரூகர் கம்பெனி செய்யும் வக்கேரோவுக்கு மாறினேன். அதனால் நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

அழகு கோல்ட்டுக்குத்தான், பேச்சே இல்லை. குறியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

என்னை மாற்றியது ஸ்பிரிங். கோல்ட்டில் டிரிகரையும், சிலிண்டரைப் பூட்டும் போல்ட்டையும் தள்ளுவது ஒரே தகட்டு ஸ்பிரிங்கின் இரண்டு கால்கள். டிரிகர் கால் ஒடிந்தால் டிரிகர் தொளதொளவென்று ஆடும், சுத்தியலும் ஒழுங்காகப் பிடித்து நிற்காது. போல்ட் கால் ஒடிந்தால் சுத்தியல் நிற்கும், சிலிண்டர் மட்டும் பூட்டாமல் சுற்றும். எனக்கு ஒடிந்தது இந்த இரண்டாவது கால், அதுவும் போட்டி நடுவில். ரூகரில் இந்த இடங்களிலெல்லாம் சுருள் ஸ்பிரிங், கம்பி ஸ்பிரிங். அவை சட்டென்று ஒடிவது அபூர்வம்.

கோல்ட்டின் இன்னொரு பலவீனம் சுத்தியலின் முதல் காடி, அதாவது டிரிகர் நுனி மாட்டிச் சுத்தியலைப் பிடிக்கும் பள்ளங்களில் முதலாவது. சுத்தியல் விரலிலிருந்து நழுவி டிரிகர் நுனி அங்கே மோதினால் அதன் மெல்லிய உதடு பெயர்ந்துவிடும். அதை நம்ப முடியாமல்தான், சுத்தியலுக்கு நேரே உள்ள அறையைக் காலியாக விட்டு, ஆறு அறையில் ஐந்து தோட்டா போடும் பழக்கம் வந்தது. 1973 முதல் ரூகரில் டிரான்ஸ்ஃபர் பார் (டிரிகரை அழுத்தினால் மட்டும் மேலே வந்து, சுத்தியலின் அடியைத் தோட்டாவைக் குத்தும் ஃபைரிங் பின்னுக்குக் கடத்தும் தகடு) இருப்பதால் ஆறும் போடலாம் (போட்டி விதி எப்படியும் ஐந்துதான்).

ஆனால் நோயைக் கண்டுபிடிப்பதில் கோல்ட் ஒரு படி மேல். சுத்தியலை இழுத்தால் நாலு 'க்ளிக்'. முதல் இரண்டில் ஒன்று கேட்காவிட்டால் காடி, மூன்றாவது காணோமென்றால் போல்ட். காதே போதும். ரூகர் இந்த விஷயத்தில் ஊமை.

சுத்தியல் விழுந்தும் தோட்டா வெடிக்காவிட்டால், துப்பாக்கியைக் குறிப்பலகைப் பக்கமே அரை நிமிஷம் பிடித்திருந்து, பிறகு தோட்டாவை எடுத்து, அதன் அடியில் அடிபட்டு வெடிக்க வேண்டிய பிரைமரைப் பாருங்கள். குழி ஆழமில்லையா? கோல்ட்டில் கைப்பிடிக்குள் மெயின் ஸ்பிரிங் திருகு தளர்ந்திருக்கலாம். ரூகரில் முதலில் உங்கள் விரலைச் சந்தேகப்படுங்கள்: டிரிகரைச் சீக்கிரம் விட்டால் பார் இறங்கிவிடும், அடி ஃபைரிங் பின்னுக்குப் போகாது. ஆறு அறையும் காலி என்று இரண்டு முறை பார்த்தபின், டிரிகரை அழுத்திப் பிடித்துக்கொண்டு சுத்தியலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுங்கள். பார் மேலே நிற்பது இடுக்கில் தெரியும்.

இரண்டுக்கும் பொதுவான சோதனை ஒன்று. காலித் துப்பாக்கியில் சுத்தியலை முழுக்க இழுத்து நிறுத்தி, கட்டைவிரலால் பின்னாலிருந்து தள்ளுங்கள். டிரிகரைத் தொடாமலே விழுந்தால் காடியோ டிரிகர் நுனியோ தேய்ந்திருக்கிறது. அரத்தை எடுக்காதீர்கள், துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

பல்லாயிரம் ரவுண்டு ஓடிய வக்கேரோவை நான் பிரித்ததில்லை. என்னுடையது இன்னும் இளசு.

நகல்களை விற்றபோது உபரியாக வாங்கி வைத்திருந்த மூன்று தகட்டு ஸ்பிரிங்கையும் சேர்த்தே கொடுத்தேன். வாங்கியவர் எதற்கென்று கேட்கவில்லை.