சமவெளிக் காலுக்கு ஏற்றம் எங்கே கிடைக்கும்? ஐந்தாறு, குடந்தை, வல்லம், நார்த்தாமலை

போன வருஷம் ஏற்காட்டில் ஒரு மலை ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தேன். தஞ்சாவூரில் ஞாயிறுதோறும் இருபது கிலோமீட்டர் ஓடுகிற கால்கள்தான், ஆனால் அங்கே மூன்றாவது கிலோமீட்டரிலேயே கெண்டைக்கால் இறுகிவிட்டது. மிச்சத் தூரம் முழுக்க நடை. அன்றைக்குத்தான் புரிந்தது: நம் நிலம் வாய்க்கால் தண்ணீர் தானாகப் பாயும் அளவுக்குத்தான் சரிந்திருக்கிறது, அந்தச் சரிவு பயிருக்குப் போதும், காலுக்குப் போதாது. அதிலிருந்து எட்டு மாதமாக நான்கு பாதைகளை மாற்றி மாற்றி ஓடிப் பார்த்துவிட்டேன்.

முதலில் தஞ்சாவூர் - திருவையாறு. பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர் இருக்கும், அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்ட வேண்டும். ஆறுகள் காலம் காலமாகக் கொண்டுவந்து போட்ட வண்டலாலும் மேலே மனிதர்கள் போட்ட மண்ணாலும் கரைகள் வயலைவிட உயர்ந்து நிற்கின்றன, அதனால் ஒவ்வொரு பாலத்துக்கும் சாலை கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கும். ஒரு ஏற்றம் நூறு மீட்டர்கூட வராது. ஆனால் போக ஐந்து, வர ஐந்து, ஆக மொத்தம் பத்து. பாலத்தை மட்டும் வேகமாக ஏறி, நடுவில் நிதானமாக ஓடினால் இடுப்புக்கும் தொடைக்கும் நல்ல வேலை. இதற்கென்று தனியாக எங்கும் போக வேண்டியதில்லை என்பது பெரிய சௌகரியம்.

தொல்லை என்னவென்றால் போக்குவரத்து. ஏழு மணிக்கு மேல் பஸ்ஸும் லாரியும் ஓரத்தில் இடமே கொடுக்காது, ஐந்து மணிக்கே கிளம்பிவிடுங்கள். தியாகராஜர் ஆராதனை நாட்களில், பெரும்பாலும் ஜனவரியில் வரும், திருவையாற்றுப் பக்கமே ஓடப் போகாதீர்கள். அறுவடைக் காலத்தில் கிளைச் சாலைகளில் பாதி அகலத்துக்கு நெல் காயும். ஒரு பெரியம்மா பலகையால் நெல்லைக் கோடு கோடாகத் தள்ளிக்கொண்டே, "ஓரமா போப்பா தம்பி, கால்ல ஒட்டிக்கிட்டுப் போவுது பாரு" என்றார். வீட்டுக்கு வந்து ஷூவைக் கவிழ்த்துப் பார்த்தால் அடிப்பள்ளத்தில் ஏழெட்டு நெல்மணி. அதிலிருந்து நெல் காயும் இடம் வந்தால் எதிர் ஓரத்துக்குப் போய் நடந்தே தாண்டுகிறேன், அது அவர்களுடைய ஆறு மாத உழைப்பு.

கும்பகோணம் சுற்று இதற்கு நேர் எதிர். கும்பகோணத்திலிருந்து தாராசுரம், அங்கிருந்து சுவாமிமலை, திரும்பக் கும்பகோணம். கண்ணுக்கு இதைவிட நல்ல பாதை இந்தப் பக்கத்தில் இல்லை என்றே சொல்வேன். இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோயிலைக் காலை வெயிலில் தாண்டிப் போவதற்காகவே நான் மாதம் ஒரு முறை ரயிலேறுகிறேன், கையோடு மாற்றுச் சட்டை எடுத்துப்போய் ஓட்டம் முடிந்ததும் உள்ளேயும் போய்விட்டு வருவேன். ஆனால் ஏற்றம் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. சுவாமிமலையே மனிதர்கள் கட்டி எழுப்பிய கட்டுமலைதான், அறுபது தமிழ் வருஷங்களின் பெயரில் அறுபது படிகள். படி ஏறிப் பயிற்சி செய்யலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். வேண்டாம், அங்கே முழங்காலைப் பிடித்துக்கொண்டு வேண்டுதலோடு ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். வேகமும் தூரமும் பழக மட்டும் இந்தச் சுற்று.

சரி, வல்லம். தஞ்சாவூரிலிருந்து தென்மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், அதற்குள் நிலமே மாறிவிடும். கருப்பாக இருந்த மண் செம்மண்ணாகி, நெல் போய் முந்திரியும் தைலமரமும் கடலையும் வரும். மூக்குக்கண்ணாடிக்கு உதவிய பளிங்குக் கல் கிடைத்த மேடு இது, வெள்ளைக்காரர் காலத்தில் கலெக்டர் குடியிருந்ததும் இங்கேதான். ஒருமுறை ஓடினால் காரணம் தெரிந்துவிடும், காற்று அப்படி.

இங்கே நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பும் செம்மண் தடங்களைத் தேடுங்கள். ஏற்றம் செங்குத்தாக இருக்காது, நீளமாக இருக்கும், அரைக் கிலோமீட்டர் விடாமல் மெதுவாக ஏறிக்கொண்டே போகும். மலை ஓட்டத்துக்கு வேண்டியது இதுதான். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகும் அதே காலடியில் நிற்கப் பழக வேண்டும், பாலத்து ஏற்றத்தில் அதற்குள் பாலமே முடிந்துவிடும். சரளைக்கல் உருளும் என்பதால் இறங்கும்போது காலடியைச் சின்னதாக வையுங்கள், குதிகாலை ஊன்றி இறங்கினால் முழங்கால் போய்விடும். மழை பெய்த மறுநாள் தடத்தில் தண்ணீர் அறுத்த பள்ளங்கள் புதிதாக இருக்கும், அன்றைக்கு வேகம் வேண்டாம். நிழல் கிடையாது, கடையும் கிடையாது, ஒரு லிட்டர் தண்ணீர் முதுகிலேயே இருக்கட்டும். எனக்குக் கெண்டைக்கால் சரியானது இந்த மேட்டில்தான், வாரம் ஒரு நாள், நான்கு மாதம்.

நார்த்தாமலை டெல்டாவே அல்ல, புதுக்கோட்டைச் சீமை, பைக்கில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இருந்தாலும் நமக்குப் பக்கத்தில் இருக்கும் உண்மையான பாறை மலை அதுதான். மேலமலையில் விஜயாலய சோழீச்சுரம், எதிரே இரண்டு குடைவரைகள், ஒன்றில் பன்னிரண்டு திருமால் உருவங்கள் வரிசையாக. ஏறும் தூரம் குறைவு, அதனால் நான்கு ஐந்து முறை ஏறி இறங்கினால்தான் பயிற்சி. கோயில் முற்றத்துக்குக் கீழேயே திரும்பிவிடுங்கள், அது பாதுகாக்கப்பட்ட இடம். சாத்தன் பூதி கட்டிய கோயில் மழையில் சிதைந்ததால் மல்லன் விடுமன் புதுப்பித்தான் என்று அங்கேயே கல்வெட்டு சொல்கிறது. கல்லால் கட்டிய கோயிலையே குலைத்த மழை அது, ஈரப் பாறையில் தயவுசெய்து ஓடாதீர்கள். வெயில் ஏறிவிட்டாலும் பாறை கொதிக்கும், ஒன்பது மணிக்குள் கீழே இறங்கிவிட வேண்டும். போக வர ஆகும் நேரத்தைப் பார்த்தால் போட்டிக்கு முந்தைய இரண்டு மாதத்தில் மூன்று முறை போனால் போதும்.

மலை ஓட்டத்துக்குத் தயாராகிறவர் என்னைக் கேட்டால் வல்லம் என்றே சொல்வேன், வேறு யோசனையே இல்லை. பாலங்கள் வார நாளுக்கு, குடந்தை மனசுக்கு. ஒரே ஒரு வாரம் மட்டும் நான் வல்லத்தை விட்டுவிடுவேன். வழக்கப்படி ஜூன் 12 மேட்டூர் திறந்து, சில நாளில் கல்லணையும் திறந்து, வறண்டு கிடந்த ஐந்து ஆறுகளிலும் ஒவ்வொன்றாக நுரையோடு தண்ணீர் வருகிற வாரம். அப்போது திருவையாற்றுச் சாலையில் ஐந்து பாலத்திலும் நின்று நின்றுதான் ஓடுவேன், வாட்சை நிறுத்தி வைத்துவிடுவேன்.