எரகான் நான்கு புத்தகப் பெட்டி: விட்டுப்போன ஓர் எழுத்து

அக்கா மகனுக்குப் பிறந்தநாள் வந்தது. பதினான்கு வயது. என்ன வேண்டும் என்று கேட்கும்போதே செல்போன் என்று சொல்லிவிடுவானோ என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். "எரகான் பாக்ஸ் செட் சித்தி" என்றான். இணையத்தில் தேடி வாங்கினேன். டிராகனும் மந்திரமும் வரும் ஒரு கற்பனைக் கதை, நாலு தடித்த ஆங்கிலப் புத்தகங்கள், வெளியே ஓர் அட்டைப் பெட்டி, இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. அவனுக்கு வாங்கியதை அவனுக்கு முன்னால் நானே படித்து முடித்துவிட்டேன். அதனால்தான் இந்த மதிப்புரை.

முதலில் பொருளைப் பற்றி. பெட்டியின் ஒரு மூலை நசுங்கித்தான் வந்தது. திருப்பி அனுப்பினால் மாற்றித் தருவோம், பத்து நாள் ஆகும் என்றார்கள். பையன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கொடுக்கவே மாட்டேன் என்றுவிட்டான். உள்ளே புத்தகங்களுக்குச் சேதம் இல்லை, போகட்டும் என்று விட்டேன். நான் ஓர் அச்சகத்தில் இருபத்திரண்டு வருடமாகப் புரூஃப் பார்க்கிறவள், புத்தகம் கையில் வந்தால் முதுகைத்தான் முதலில் பார்ப்பேன். தையல் கிடையாது, பசை போட்டு ஒட்டிய பைண்டிங். முதல் புத்தகமே ஏறக்குறைய 500 பக்கம், கடைசிப் புத்தகம் 800ஐத் தாண்டுகிறது. அதைச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் மல்லாத்தி அழுத்தி வைத்துப் படித்தால் முதுகில் வெள்ளைக் கோடு விழும், அப்புறம் பக்கம் பக்கமாகக் கழன்று வரும். பாதி திறந்து கையில் பிடித்தே படியுங்கள். எழுத்து சின்னது. எனக்குக் கண்ணாடி போட்டும் இரவில் சிரமமாக இருந்தது.

அட்டைகள் அழகு. நீலம், சிவப்பு, பொன், பச்சை என்று ஒவ்வொன்றிலும் ஒரு டிராகன். வரைந்தவர் ஜான் ஜூட் பாலன்கார். உள்ளே இருக்கும் தேசப்படம் கதை எழுதியவரே வரைந்தது. கதையில் யாராவது எங்காவது போய்க்கொண்டே இருப்பதால் அந்தப் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு கயிறு போட்டு வைத்துக்கொள்வது நல்லது. முதல் புத்தகத்தின் கடைசியில் பெயர்களை எப்படி உச்சரிப்பது என்று ஒரு பட்டியலும் சொல்லகராதியும் இருக்கின்றன. அதை முதலிலேயே பாருங்கள். நான் பாதிப் புத்தகம் வரை சஃபீரா என்ற டிராகனின் பெயரை 'சப்பிரா' என்று மனதுக்குள் படித்துக்கொண்டிருந்தேன்.

எழுதியவர் கிறிஸ்டோபர் பவோலினி. அமெரிக்காவில் மொண்டானா மாநிலத்தில் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படித்த பையன், பதினைந்து வயதில் எழுத ஆரம்பித்தார். அப்பா அம்மாவே சொந்தச் செலவில் புத்தகமாகப் போட்டார்கள். பையன் பழங்கால உடுப்பு மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம், நூலகம் என்று 135க்கும் மேற்பட்ட இடங்களுக்குப் போய்ப் பேசி விற்றிருக்கிறார். சொந்தக் காசில் கவிதைத் தொகுப்பு அடித்துக் கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்தவர்களை என் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் இந்தச் செய்தி எனக்குக் கதையைவிட இனித்தது. கார்ல் ஹயாசன் என்ற எழுத்தாளரின் மனைவியின் மகன் கையில் அந்தப் பிரதி கிடைத்து, அவர் வழியாக க்னாஃப் பதிப்பகத்துக்குப் போய், 2003இல் பெரிய அளவில் வெளிவந்தது.

சரி, கதை. பதினைந்து வயது விவசாயி வீட்டுப் பையன் எரகான் மலையில் வேட்டைக்குப் போன இடத்தில் ஒரு நீலக்கல் கிடைக்கிறது. அதைக் கறிக்கடையில் கொடுத்து இறைச்சி வாங்கப் பார்க்கிறான், கடைக்காரர் வாங்க மறுக்கிறார். கல் முட்டையாகி, முட்டை டிராகனாகி, கல்பட்டோரிக்ஸ் என்ற கொடுங்கோல் அரசனின் ஆட்கள் தேடி வந்து, மாமா சாகிறார். பையன் ஒரு கிழவரோடும் டிராகனோடும் கிளம்புகிறான். கேட்டது போல இருக்கிறதா? இருக்கும். கிராமத்துப் பையன், வழிகாட்டும் கிழவர், சிறையில் இளவரசி, பழைய வாள். விண்வெளியில் நடக்கும் ஒரு பிரபல அமெரிக்கப் படத்தின் நகல் என்று இதை வெகுகாலமாகத் திட்டுகிறார்கள். முதல் புத்தகத்தைப் பொறுத்தவரை அந்தத் திட்டு நியாயம்தான்.

ஆனால் எனக்குப் பிடித்தது வேறு இடங்களில் இருக்கிறது. பழிவாங்கக் கிளம்பிய பையனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாமாவைக் கொன்றவர்கள் விட்டுப்போன ஓர் எண்ணெய்க் குப்பிதான் தடயம். அபூர்வமான எண்ணெய், அதனால் எந்தக் கப்பலில் யாருக்குப் போனது என்று துறைமுக ஊரில் சரக்குப் பேரேட்டைப் புரட்ட வேண்டும். அதற்காகக் கிழவர் ப்ரோம் அவனுக்கு எழுத்து சொல்லிக் கொடுக்கிறார். வாளைத் தூக்குவதற்கு நடுவில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கும் நாயகன்! இரண்டாம் புத்தகத்தில் அரசனை எதிர்க்கும் கலகப்படைக்குக் கஜானா காலி. தலைவி நசுவாடா மந்திரவாதிகளை உட்கார வைத்து லேஸ் பின்னச் சொல்கிறாள். கையால் பின்னினால் மாதக்கணக்கில் ஆகும் வேலை, மந்திரத்தில் சட்டென்று முடியும், மலிவாக விற்கலாம். அரசனைக் கவிழ்க்கும் செலவு லேஸ் விற்ற காசில் நடக்கிறது. இப்படி யோசித்த இளைஞரை வெறும் நகல்காரர் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

இனி, நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்த இடம். இந்த உலகத்தில் மந்திரம் என்பது ஒரு பழைய மொழி. அதில் பொய் சொல்ல முடியாது, சொன்னது நடக்கும். எரகான் முதல் புத்தகத்தில் ஒரு கைக்குழந்தையை அந்த மொழியில் ஆசீர்வதிக்கிறான். 'ஸ்கோலிரோ' என்று சொல்லியிருக்க வேண்டும், தீங்கிலிருந்து காக்கப்படுவாய் என்று பொருள். இவன் 'ஸ்கோலிர்' என்று சொல்லிவிடுகிறான். கேடயமாக இரு என்று ஆகிவிட்டது. கடைசியில் ஓர் ஓகாரம் விட்டுப்போனது, அவ்வளவுதான். எல்ஃப்கள் என்ற மந்திரம் தெரிந்த காட்டு இனத்தாரிடம் படிக்கப் போன பிறகுதான் தப்பு அவனுக்கே தெரிகிறது. அதற்குள் எல்வா என்ற அந்தக் குழந்தை மற்றவர்களுக்கு வரப்போகும் வலியை எல்லாம் தன் மேல் உணர்ந்து, ஓடிப்போய்த் தடுக்கச் சொல்லும் உந்துதலில் சிக்கி, மாதக்கணக்கான வயதில் மூன்று நான்கு வயதுச் சிறுமியாக வளர்ந்து, பெரியவள் போலப் பேசிக்கொண்டு நிற்கிறாள். பையன் கெட்டவன் இல்லை. வாழ்த்தத்தான் செய்தான். மூன்றாம் புத்தகத்தில் திருத்தப் பார்க்கிறான், அரைகுறையாகத்தான் முடிகிறது.

நான் ஒரு திருமணப் பத்திரிகையில் 'வருக' என்பதில் ஓர் எழுத்தை விட்டவள். ஆயிரம் பிரதி போனது. எல்வா வரும் பக்கங்களில் என் கை தானாகப் பென்சிலைத் தேடியது.

குறைகளும் சொல்ல வேண்டும். வர்ணனை அதிகம். ஒரு கதவைத் திறக்கவே அரைப் பக்கம் ஆகிறது. இரண்டாம் புத்தகத்தில் எல்ஃப்களின் காட்டில் பயிற்சி நடக்கும் அத்தியாயங்கள் எனக்கு மதியத் தூக்கத்தை வரவழைத்தன. அதில் மாறி மாறி வரும் ரோரன் பகுதிதான் காப்பாற்றுகிறது. எரகானின் மாமா மகன், டிராகனும் கிடையாது, மந்திரமும் கிடையாது, கையில் ஒரு சுத்தியல். மொத்த ஊரையும் கிளப்பிக்கொண்டு போகிறான். கலகம் என்று பார்த்தால் அவனுடையதுதான் கலகம். இன்னொரு குறை, கொடுங்கோல் அரசன் நேரில் வருவதே நான்காம் புத்தகத்தில்தான். அதுவரை எல்லோரும் அவன் பெயரைச் சொல்லிப் பயப்படுகிறார்கள். வந்த பிறகு நன்றாகவே பேசுகிறான்: மந்திரம் தெரிந்தவன் தெரியாதவனை ஆட்டிப் படைக்கிறான், அதை அடக்கத்தான் இந்த ஆட்சி என்கிறான். பதில் சொல்வது லேசில்லை.

முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். அந்த மொழியின் பெயரையே அரசன் கண்டுபிடித்துவிட்டான், அதனால் எதிரியின் சொல் அவன் முன்னால் செல்லாது. எரகான் கடைசியில் சொல்லே இல்லாமல் ஒரு மந்திரம் போடுகிறான். அரசன் தான் பிறருக்குக் கொடுத்த வேதனையை எல்லாம் தானே உணர வேண்டும் என்பதுதான் அது. தாங்க முடியாமல் அவன் தன்னையே அழித்துக்கொள்கிறான். நாலு புத்தகம் முழுக்கச் சொல்லைப் பார்த்துப் போடு என்று மிரட்டிவிட்டு, முடிவில் சொல்லையே விட்டது எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. இரண்டாம் தடவை படித்தபோது எல்வாவின் நினைவு வந்தது. அவள் தவறுதலாகச் சுமந்ததை இவன் வேண்டுமென்றே ஒருவனைச் சுமக்க வைத்திருக்கிறான்.

2006இல் வந்த படத்தைப் பார்த்துவிட்டு இதை எடை போடாதீர்கள். ஜெரமி அயர்ன்ஸ் ப்ரோமாக வருவது மட்டும் தேறும். அடுத்த பாகம் வரவே இல்லை.

பன்னிரண்டு வயதுக்கு மேல், ஆங்கிலம் ஓரளவு ஓடும் பிள்ளைகளுக்குத் தாராளமாக வாங்கலாம். கடைசிப் புத்தகத்தில் சித்திரவதைக் காட்சிகள் உண்டு, சின்னவர்களுக்கு அதைத் தள்ளி வையுங்கள். 2023இல் வந்த 'முர்டாக்' என்ற ஐந்தாவது புத்தகம் நான் வாங்கிய பெட்டியில் இல்லை, தனியாகத்தான் வாங்க வேண்டும். பையன் இப்போதே கேட்கிறான். காலாண்டுத் தேர்வு முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.