பல வருடமாகப் படக் குறிப்பேடு வைத்திருந்ததில் தெரிந்தவை

பார்த்த படத்தைப் பற்றி அன்றைக்கே நாலு வரி குறித்துவைப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். முதலில் நோட்டு, அப்புறம் கைபேசிச் செயலி, இப்போது இரண்டும். சினிமா பேசுகிற நண்பர்கள் இதைப் பற்றி மூன்று கேள்வி கேட்பார்கள்: இதனால் என்ன பயன், எதையெல்லாம் குறிக்க வேண்டும், எந்தச் செயலி நல்லது. கடைசிக் கேள்விக்குப் பதில் சின்னது. நடுக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது.

குறிப்பேடு தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் மதிப்பெண்ணில்தான் தொடங்குவார்கள். நீண்ட நாள் பயன்பாட்டில் முதலில் உயிர் போவதும் அதற்குத்தான். சில வருடம் கழித்துப் புரட்டினால் 'மூன்றரை நட்சத்திரம்' என்பது மட்டும் நிற்கிறது, எதற்காக மூன்றரை என்பது போய்விடுகிறது. அதே பக்கத்தில் 'அவள் கதவைச் சாத்திய பிறகும் கேமரா கதவையே பார்த்துக்கொண்டு நிற்கிறது' என்று ஒரு வரி இருந்தால் போதும், படம் மொத்தமும் திரும்ப மனதில் ஓடிவிடும்.

மதிப்பெண்ணுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒவ்வொரு இடத்திலும் அது ஒவ்வொரு பொருளில் வருகிறது. பார்த்த படங்களைக் குறித்துவைக்கும் செயலியான லெட்டர்பாக்ஸ்டில் அரை நட்சத்திரத்திலிருந்து ஐந்து வரை. படத் தகவல் தளமான ஐஎம்டிபியில் 1 முதல் 10 வரை, அதுவும் அங்கே காட்டப்படுவது நேர் சராசரி இல்லை, எல்லா ஓட்டுக்கும் ஒரே மதிப்புக் கொடுக்காமல் எடை போட்டுக் கணக்கிட்ட சராசரி. விமர்சனங்களைத் திரட்டித் தரும் தளமான ராட்டன் டொமேட்டோஸில் 90 சதவீதம் என்றால் படத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூறு மார்க் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். பத்து விமர்சகர்களில் ஒன்பது பேர் சாதகமாக எழுதியிருக்கிறார்கள் என்பதுதான் அதன் பொருள். எல்லோரும் 'பரவாயில்லை, பார்க்கலாம்' என்ற அளவில் எழுதினால்கூட அந்த எண் நூறைத் தொட்டுவிடும். இந்த மூன்றையும் ஒன்றாகக் கலந்து 'உன் படம் பெரிசா, என் படம் பெரிசா' என்று நடக்கும் சண்டைகளில் யாருக்கும் எதுவும் கிடைப்பதில்லை. நான் மதிப்பெண் போடுவதை நிறுத்தவில்லை. ஆனால் அதைக் கடைசியில்தான் போடுகிறேன், எழுத வேண்டியதை எழுதி முடித்த பிறகு.

சரி, எழுத வேண்டியது எது? என் குறிப்பேட்டில் அதிகம் பயன்பட்டது 'குரல்' என்று நான் போட்டுவைத்த கட்டம், அதாவது நடித்தவருக்கு யார் டப்பிங் பேசினார் என்பது. தமிழ்ப் படம் பார்க்கிற எவரும் இதைக் கட்டாயம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். 'ஆடுகளம்' (2011) படத்தில் சேவல் சண்டைக் குருவாக வரும் பேட்டைக்காரனை எடுத்துக்கொள்ளுங்கள். நடித்தவர் ஈழத்துக் கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலன். குரல் ராதாரவியுடையது. அந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் "அந்தக் கிழவன் பேசுறதைக் கேட்டாலே பயமா இருக்கும்யா" என்று யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். அந்தப் பாராட்டில் பாதி ராதாரவிக்குப் போக வேண்டியது. அப்படியானால் ஜெயபாலன் என்ன செய்தார்? அதைத் தெரிந்துகொள்ள அவர் பேசாத இடங்களைப் பார்க்க வேண்டும். தான் ஒதுக்கிய சேவலை வைத்துச் சிஷ்யன் ஜெயிக்கும்போது அந்த முகத்தில் நடப்பதைக் கவனியுங்கள். ஊரே கொண்டாடுகிறது, அவருக்கு உள்ளே ஏதோ புளிக்க ஆரம்பிக்கிறது. அது எந்தக் குரலும் தர முடியாதது. அந்தப் படத்துக்குக் கிடைத்த தேசிய விருதுகளில் ஜெயபாலனுக்கான சிறப்புக் குறிப்பும் ஒன்று. குரலையும் உடலையும் பிரித்துக் குறித்துவைத்ததால், இந்தக் கதாபாத்திரத்தை இரண்டு கலைஞர்கள் சேர்ந்து கட்டியதாக என்னால் பார்க்க முடிகிறது. ஒருவரின் புகழை இன்னொருவர் எடுத்துக்கொண்டதாகத் தோன்றுவதில்லை.

இதே கட்டம் '96' (2018) படத்தில் வேறொரு வாசலைத் திறந்தது. ஜானுவாக நடித்த திரிஷாவுக்குக் குரல் கொடுத்தவர் பாடகி சின்மயி. பள்ளிக் காதலன் ராமின் வீட்டில் மின்சாரம் போய் இருட்டாகும்போது, அவன் பள்ளிக்கூட நாளிலிருந்து கேட்டுக் காத்திருந்த பாட்டை ஜானு பாடுகிறாள். பக்கவாத்தியம் எதுவும் இல்லை. அதைப் பாடியதும் சின்மயிதான். அதுவரை பேசிக்கொண்டிருந்த குரலே பாட்டாக மாறுகிறது. தமிழ்ப் படங்களில் நாயகி பேச்சிலிருந்து பாட்டுக்குப் போகும்போது குரல் மாறுவது நமக்குப் பழகிப்போன ஒன்று, காது அதைக் கண்டுகொள்வதே இல்லை. இங்கே மாறாமல் இருக்கும்போதுதான் அந்தக் காட்சி ஏன் அவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்று புரிகிறது. ஜானு நம் எதிரிலேயே உட்கார்ந்து பாடுகிறாள் என்று காது நம்பிவிடுகிறது. 'பம்பாய்' (1995) படத்தில் மனிஷா கொய்ராலாவுக்குப் பேசிய ரோகிணியையும் இந்தக் கட்டத்தில் எழுதிவைத்திருக்கிறேன். மனிஷாவைத் தமிழில் ரசித்த பலருக்கும் அந்தப் பெயர் தெரியாது, தெரிய வேண்டும்.

ரோகிணி என்றதும் 'விருமாண்டி' (2004) நினைவுக்கு வருகிறது. அதில் அவர் சிறைக்குள் பேட்டி எடுக்க வருகிற ஏஞ்சலா காத்தமுத்து. அந்தப் படத்தில் வசனங்களைப் படப்பிடிப்பிலேயே நேரடியாகப் பதிவு செய்தார்கள், அதனால் என் குரல் கட்டத்தில் அதற்கு எழுத ஒன்றும் இல்லை. ஆனால் நடிப்பு என்ற கட்டத்தில் அது பக்கம் பக்கமாகப் போயிருக்கிறது. நடந்ததைக் கைதி கொத்தாளத் தேவன் (பசுபதி) முதலில் சொல்கிறான், பிறகு இன்னொரு கைதி விருமாண்டி (கமல்) சொல்கிறான். பசுபதி தன் கதையில் பொறுப்பான பெரிய மனிதர், விருமாண்டியின் கதையில் வேறு ஆள். கமலுக்கும் அப்படியே தலைகீழாக. இரண்டு கதையிலும் வருகிற ஒரே சம்பவத்தை அடுத்தடுத்து ஓடவிட்டுப் பாருங்கள். தோள் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது, எதிராளியின் கண்ணைப் பார்த்துப் பேசுகிறாரா, வார்த்தைக்கு முன்னால் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பதெல்லாம் மாறுகிறது. 'நல்லா நடிச்சிருக்கார்' என்பதற்கு மேல் ஒரு வரி எழுத வராதவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. ஒப்பிடுவதற்கான பொருளைப் படமே கையில் கொடுத்துவிடுகிறது.

இயக்குநர் கட்டத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பெயரை மட்டும் எழுதினால் பயன் இல்லை, யார் என்ன செய்தார் என்று பிரித்து எழுத வேண்டும். 'அன்பே சிவம்' (2003) வெளியானபோது வசூலில் தோற்றது, பின்னால் கொண்டாடப்பட்டது. அதைக் 'கமல் படம்' என்றே எல்லோரும் சொல்கிறோம். கதையும் திரைக்கதையும் அவருடையவை, வசனம் மதன், இயக்கம் சுந்தர் சி. ரயிலும் பஸ்ஸும் மாறி மாறிப் போகிற அந்தப் பயணத்தில் நகைச்சுவை ஒரு இடத்திலும் தடுக்கி விழாமல் நகர்கிறதே, அதில் சுந்தர் சியின் கை இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். 'நாயகன்' (1987) பற்றிப் பேசினாலும் ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராமையும் கலை இயக்குநர் தோட்டா தரணியையும் விட்டுவிட்டுப் பேச முடியாது. கமலுக்குச் சிறந்த நடிகர் விருது வந்த அதே படத்துக்குத்தான் அவர்கள் இருவருக்கும் தேசிய விருது வந்தது.

எந்தப் பிரதியைப் பார்த்தேன் என்பதையும் குறிக்கிறேன். இது தேவையில்லாத வேலை என்று பலர் விட்டுவிடுவார்கள். 'பிளேடு ரன்னர்' 1982-இல் வந்தபோது ஹாரிசன் ஃபோர்டின் பின்னணி விவரிப்பும் நம்பிக்கையான ஒரு முடிவும் இருந்தன. 1992 பதிப்பில் இரண்டும் போய்விட்டன. 2007-இல் இன்னொரு இறுதிப் பதிப்பு வந்தது. ஒருவர் 'கதையை வாயாலேயே சொல்லிவிடுகிறார்கள்' என்கிறார், இன்னொருவர் 'எதையும் சொல்லாமல் விடுவதுதான் அந்தப் படத்தின் அழகு' என்கிறார். இருவரும் சரி, பார்த்த படம் வேறு. டிவியில் பார்த்த சினிமாஸ்கோப் (அகலத்திரை) படங்களுக்கும் இது பொருந்தும். பழைய டிவித் திரைக்கு ஏற்ப இரண்டு பக்கமும் வெட்டிய பிரதியைப் பார்த்துவிட்டு ஒளிப்பதிவாளரின் சட்டகம் நெருக்கடியாக இருக்கிறது என்று எழுதினால் அது அவருக்குச் செய்கிற அநியாயம்.

மறுபடி பார்க்கும்போது பழைய குறிப்பைத் திருத்தக் கூடாது, அடியில் புதுத் தேதி போட்டு எழுத வேண்டும். இந்த விதியில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய லாபம் ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953). முதல் முறை எழுதிய குறிப்பு முழுக்க வயதான அப்பா அம்மா பக்கம். பிள்ளைகள் மேல் கோபம் வரிக்கு வரி தெரிகிறது. வருடங்கள் கழித்து எழுதியதில், டாக்டர் மகன் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கிளம்பும் நேரத்தில் நோயாளிக்காகப் பயணத்தை நிறுத்தும் காட்சி முதல் இடத்துக்கு வந்திருக்கிறது. அவனால் வேறு என்ன செய்ய முடியும் என்று எழுதியிருக்கிறேன். மூன்றாவது முறை பார்த்தபோது கவனம் மொத்தமும் அப்பாவாக நடித்த சிஷூ ரியூவின் முதுகிலும் உட்காரும் விதத்திலும் போனது. எழுபது வயதுக்காரராக நம்ப வைக்கிற அவருக்கு அப்போது வயது 49. அதை ஒப்பனையால் மட்டும் கொண்டுவர முடியாது. அவர் எழுந்து நிற்க எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பாருங்கள். மூன்று குறிப்பையும் சேர்த்துப் படிக்கும்போது படம் எவ்வளவு பெரியது என்று தெரிகிறது. திருத்தி எழுதியிருந்தால் கடைசி ஒன்றுதான் மிஞ்சியிருக்கும்.

எப்போது எழுதுவது என்பதும் முக்கியம். படம் முடிந்த அன்றே, மற்றவர்கள் கருத்தைப் படிப்பதற்கு முன். விமர்சனம் படித்துவிட்டு உட்கார்ந்தால் யாரோ சொன்ன வாக்கியம் நம் வாக்கியம் போலவே வந்து உட்கார்ந்துகொள்ளும், பிறகு அதைப் பிரித்தெடுக்கவே முடியாது. படம் ஓடும்போது எழுதுவதும் வேண்டாம். இருட்டில் கைபேசி வெளிச்சம் பக்கத்தில் இருப்பவருக்கும் தொந்தரவு, நமக்கும் அந்தப் பத்து விநாடி போய்விடும். பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) படத்தில் பாதி எழும்பி நிற்கிற வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியாக வருவார். சொக்கலிங்க பாகவதர் நடையாலும் முகத்தாலும் மட்டுமே நடத்துகிற காட்சி. அந்த நேரத்தில் தலையைக் குனிந்து ஒரு வரி தட்டினால் எதைக் குறிக்கப் போகிறோமோ அதையே தவறவிட்டிருப்போம்.

நண்பர்களோடு நடக்கும் பேச்சு இதனால் மாறியிருக்கிறது. நம்மிடையே ரசிகச் சண்டை என்றால் யார் பெரிய நடிகர், யார் படம் எவ்வளவு நாள் ஓடியது என்பதுதான். அதில் கலந்துகொள்ள எனக்கு இப்போது விருப்பமே வருவதில்லை. யாராவது ஒருவர் ஒரு படம் மொக்கை என்றால், எந்தக் காட்சியில் விலகினீர்கள் என்று கேட்பேன். பெரும்பாலும் ஒரு குறிப்பான இடம் இருக்கும். அந்த இடத்தைப் போட்டுப் பார்த்தால் இருவருக்கும் பேச நிறையக் கிடைக்கும். என் கருத்து மாறாமல் போகலாம், அவர் கருத்தும் மாறாமல் போகலாம். ஆனால் பேச்சு படத்தைப் பற்றியே இருக்கும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். குறிப்பேடு வைத்திருப்பவர்களுக்கு எண்ணிக்கை ஆசை வரும். இந்த மாதம் இத்தனை படம் என்று காட்டுகிற பட்டியலை நிரப்புவதற்காகவே இரவில் ஒரு படத்தை ஓட்டுவோம். அப்படிப் பார்த்த படங்களின் குறிப்புகள் எல்லாமே வெறுமையாக இருக்கின்றன. செயலியில் எண்ணிக்கை காட்டும் பக்கத்தை மறைக்க முடிந்தால் மறைத்துவிடுங்கள். நண்பர்களோடு கும்பலாகப் பார்க்கிற கேளிக்கைப் படங்களுக்குக் குறிப்பு எழுதுவதும் எனக்குப் பயன்படவில்லை. அங்கே நினைவில் நிற்பது கூட்டத்தின் சத்தம், அது தானாகவே நின்றுவிடுகிறது.

செயலி விஷயம். முதலில் பயன்படுத்திய ஒரு செயலி, போதிய அவகாசம் தராமல் சேவையை நிறுத்திக்கொண்டது. நோட்டில் இல்லாத குறிப்புகள் கொஞ்சம் அதோடு போய்விட்டன. அதிலிருந்து நான் பார்ப்பது ஒன்றுதான்: எழுதியதை மொத்தமாகக் கோப்பாக இறக்கிக்கொள்ள வழி இருக்கிறதா? லெட்டர்பாக்ஸ்டில் சிஎஸ்வி கோப்பாக (அட்டவணை மென்பொருளில் திறக்கக்கூடியது) எடுக்கலாம், மறுபடி பார்த்ததைத் தனியாகக் குறிக்கவும் வசதி உண்டு. படத் தகவல்கள் அதற்கு டிஎம்டிபியிலிருந்து வருகின்றன. அது பயனர்கள் சேர்ந்து நிரப்புகிற தரவுத்தளம் என்பதால், ஒரு தமிழ்ப் படத்தின் ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர் பெயர்கள் விடுபட்டிருந்தால் நீங்களே கணக்குத் தொடங்கிச் சேர்க்கலாம். படத்தின் டைட்டிலை நிறுத்தி நிறுத்திப் பார்த்துச் சரிபார்த்துச் சேருங்கள். டப்பிங் கலைஞர்களின் பெயர் நிறையப் படங்களில் டைட்டிலிலேயே வருவதில்லை. அதனால் குரல் கட்டத்தை மட்டும் நான் இன்னும் நோட்டில்தான் வைத்திருக்கிறேன். அவர்களே பேட்டிகளில் சொல்வதைக் கேட்கக் கேட்க அங்கே ஒவ்வொன்றாக ஏறுகிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லாக் கட்டத்தையும் ஒரேயடியாக வைத்துக்கொள்ள வேண்டாம். தேதி, எந்தப் பிரதி, ஒரு காட்சி, அதில் யாருடைய வேலை தெரிந்தது. தொடங்க இந்த நான்கு போதும். மதிப்பெண்ணை இரண்டு மூன்று மாதம் கழித்துச் சேர்த்துக்கொள்ளலாம்.