ஸ்க்ரைபா, கோடிங்கா, சிடிஐயா?

பயோடெக், நர்சிங் முடிச்சுட்டு "அக்கா, கோடிங் போகவா ஸ்க்ரைப் போகவா"ன்னு வாரத்துக்கு ஒருத்தராவது கேக்குறாங்க. மூணுமே அமெரிக்க ஆஸ்பத்திரி ரெக்கார்டு வேலை, கோடிங்னா கம்ப்யூட்டர் இல்ல, மெடிக்கல் கோடிங். ரெண்டையும் பாத்துட்டு இப்ப சிடிஐல (டாக்டர் எழுதுன ரெக்கார்டு தெளிவா, முழுசா இருக்கான்னு பாக்குற வேலை) இருக்கேன், அதனால எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

ஸ்க்ரைப்னா அமெரிக்க டாக்டர் பேஷண்ட்கிட்ட பேசுறத சென்னைல ஹெட்செட் மாட்டிக்கிட்டு கேட்டு அப்பவே நோட் அடிக்கணும். அங்க காலைல 8 மணி கிளினிக்னா நியூயார்க் பக்கம் இங்க சாயங்காலம் 5.30, நவம்பர்ல கடிகாரத்த மாத்திட்டா 6.30, கலிஃபோர்னியா டாக்டர் மாட்டுனா வேலை முடிய விடிஞ்சிரும், தூக்கத்த மறந்துருங்க. ஆனா நெஞ்சுவலின்னு வந்தவர்கிட்ட டாக்டர் எத முதல்ல கேக்குறார், எத விடுறார்ங்கறதெல்லாம் காதுல விழுந்து விழுந்தே வந்துரும், எந்த புக்லயும் இது கிடைக்காது. ரெண்டாவது மாசம் அவர் ஹைப்போகலீமியான்னு சொன்னத நான் ஹைப்பர்கலீமியான்னு அடிச்சுட்டேன், பொட்டாசியம் கம்மியா இருக்கறவருக்கு அதிகம்னு ஆயிருக்கும், நல்லவேளை சைன் போடுறதுக்கு முன்னாடி அவரே பாத்துட்டார். திட்டல, "லேப் வேல்யூவ பாத்து அடிம்மா"ங்கற மாதிரி சொன்னார், அதுதான் இன்னும் வலிக்குது.

இப்ப சிக்கல் என்னன்னா ரூம்ல பேசுறத கேட்டு ஏஐயே டிராஃப்ட் போட்டுருது. பேச்ச எழுத்தாக்குற நுவான்ஸ் கம்பெனிய மைக்ரோசாஃப்ட் 2022ல வாங்குனதே சும்மா இல்லியே.

கோடிங் நேர் எதிர். டாக்டர் குரலே கேக்காது, அவர் எழுதுனத படிச்சு நோய்க்கும் சிகிச்சைக்கும் பில்லுக்கான கோடு போடணும், அவ்ளோதான். பெரும்பாலும் டே ஷிஃப்ட், தினம் டார்கெட், ஆடிட்ல 95 சதவீதம் வேணும்பாங்க. 2015 அக்டோபர் 1ல அமெரிக்கா ஐசிடி-10ங்கற புது நோய்க்கோடு பட்டியலுக்கு மாறுனப்ப சுமார் 14,000 நோய் கோடு கிட்டத்தட்ட 70,000 ஆச்சு, வலது முட்டி தேய்மானத்துக்கு எம்17.11, இடதுக்கு எம்17.12ன்னு தனித்தனியா இருக்கும். போரடிக்கும்தான், ஆனா ஃப்ரெஷர எடுக்கறது இங்கதான்.

எனக்குப் புடிச்சது சிடிஐ, ஏன்னா இங்கதான் டாக்டர்கிட்ட திருப்பிக் கேக்கலாம். உதாரணத்துக்கு சார்ட்ல "யூரோசெப்சிஸ்"னு இருக்கும். ஐசிடி-10ல அதுக்கு கோடே கிடையாது. வெறும் யூரின் இன்ஃபெக்‌ஷனா, அது முத்தி உடம்பையே பாதிக்கிற செப்சிஸ் ஆயிருச்சான்னு டாக்டர் சொன்னாதான் உண்டு, பில்லே தலைகீழா மாறும். கோடர் தானா முடிவு பண்ண முடியாது. அதுக்காக "சார் இது செப்சிஸ்தானே"ன்னு கேட்டா பதில நாமளே சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிரும், வேலை காலி, ஜுரம், பிபி, லாக்டேட் எல்லாத்தையும் எடுத்து வெச்சு ஆப்ஷன் குடுத்து, "வேற ஏதாவது", "இப்ப சொல்ல முடியல"ன்னும் சேத்துதான் குவரி அனுப்பணும். லேப், மருந்து, சார்ட் மூணையும் சேத்து படிக்கத் தெரியணும், அதான் நர்சிங் படிச்சவங்களுக்கு சீக்கிரம் வருது. நேரா ஃப்ரெஷரா உள்ள வர்றது கஷ்டம்.

அதனால பயோடெக்னா ரெண்டு வருஷம் கோடிங்ல ஓட்டிட்டு வாங்க, இன்பேஷண்ட் (அட்மிட் ஆனவங்க) சார்ட் கிடைக்கற டீமா கேட்டு வாங்குங்க. ராத்திரி முழிக்க முடியும்னா ஸ்க்ரைப் ஒரே வருஷம், அதுக்கு மேல வேணாம்.

அப்புறம் சிபிசிங்கற கோடிங் சர்டிஃபிகேட்டுக்கு பெரிய ஃபீஸ் வாங்கிட்டு "நாங்களே சர்டிஃபிகேட் தர்றோம்"னு எவனாவது சொன்னா ஓடி வந்துருங்க. பரீட்சை ஏஏபிசிங்கற அமெரிக்க கோடர் சங்கம் நடத்துறது, 100 கேள்வி, 4 மணி நேரம், 70 சதவீதம் எடுக்கணும், கோடு புக்க உள்ள எடுத்துட்டுப் போகலாம்.