காரைக்குடியில் பழைய வீட்டுத் தோதகத்தி என்று நம்பிக் கிட்டார் பலகை வாங்கியதில் நேர்ந்தது

சென்ற ஆண்டு புரட்டாசி மாதத்தில், காரைக்குடியில் பழம்பொருள் விற்கும் ஒருவரிடம் மூன்று பலகைகளைத் தோதகத்தி, அதாவது ரோஸ்வுட், என்று நம்பி, பலகைக்கு 9,000 ரூபாய் வீதம் 27,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அவற்றில் ஒன்று மட்டுமே தோதகத்தி. மற்ற இரண்டும் சாயம் ஏற்றிய வாகை. கிட்டார் செய்து பழகுபவர்கள் செட்டிநாட்டுப் பழைய மரத்தைத் தேடி மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வருவதை நானே பார்த்திருக்கிறேன் என்பதால், நடந்ததை ஒளிவுமறைவின்றி எழுதுகிறேன்.

நான் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். நானும் நண்பர்கள் இருவரும் மூன்று ஆண்டுகளாக விடுமுறை நாட்களில் என் வீட்டுப் பின்கட்டில் கிட்டார் செய்யக் கற்றுவருகிறோம். முதல் கிட்டாரை ஒட்டுப்பலகையில் செய்தோம். முகப்பலகையின் அடியில் குறுக்குச் சட்டங்களைப் பெருக்கல் குறி வடிவில் ஒட்டுவது, கழுத்தைப் பொருத்துவது, கழுத்தில் பதிக்கும் ஒவ்வொரு கட்டைக்கும் (ஃப்ரெட்) மீதமுள்ள தந்தி நீளத்தை 17.817 ஆல் வகுத்து அடுத்த கட்டையின் இடத்தைக் குறிப்பது ஆகியவற்றை அதில் கற்றுக்கொண்டோம். இரண்டாவது முயற்சியில் முழு மரத்தில் ஆளுக்கு ஒன்றாக மூன்று கிட்டார்கள் செய்ய முடிவெடுத்தோம். முகப்பலகைக்கு ஸ்ப்ரூஸ் மரத்தை வெளியிலிருந்து வரவழைத்துவிட்டோம். முதுகுக்கும் விலாவுக்கும் (வளைந்த பக்கப் பலகை) வேண்டிய மரத்தை உள்ளூரிலேயே வாங்குவது என்று சொன்னவன் நான். கடையில் சோதித்துப் பார்த்து நல்ல மரம் என்று உறுதி கூறியவனும் நான். நண்பர்களின் பணமும் என் சொல்லை நம்பித்தான் போனது. இழந்த தொகையைக் காட்டிலும் எனக்கு வருத்தம் தருவது அதுதான்.

தோதகத்தியை ஏன் தேடினோம் என்பதையும் சொல்ல வேண்டும். ஈட்டி என்றும் ரோஸ்வுட் என்றும் அழைக்கப்படும் இந்த மரம், கிட்டாரின் முதுகுக்கும் விலாவுக்கும் உலகெங்கும் விரும்பப்படுவது. அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் பிரேசில் நாட்டு ஈட்டி கிடைப்பது அரிதாகியதும் 1969-இல் நம் நாட்டு ஈட்டிக்கு மாறியது. அடர்த்தியும் கடினமும் உடைய இம்மரத்தில் தட்டினால் ஓசை சட்டென்று அடங்காமல் நீண்டு ஒலிக்கும். ஆனால் புதிதாக வெட்டிய ஈட்டியை நினைத்தவுடன் வாங்கிவிட முடியாது. சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கும் மரத்தைக்கூட அனுமதியின்றி வெட்டக் கூடாது என்று தமிழ்நாட்டில் 1990-களில் தனிச் சட்டமே இயற்றப்பட்ட மரம் இது. 2017 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலிலும் இருக்கிறது. எனவே, இடித்த வீட்டிலிருந்து வந்த மரம் என்றால் சட்டச் சிக்கலும் இராது, நன்றாக உலர்ந்தும் இருக்கும் என்று கணக்கிட்டேன். ஏமாற்றியவருக்கு வாய்ப்பாக அமைந்தது என்னுடைய இந்தக் கணக்குதான்.

கடைக்காரர் காட்டிய முதல் பலகை ஐந்தடி நீளமும் ஒன்பது அங்குல அகலமும் ஒன்றரை அங்குலக் கனமும் கொண்டது. ஒரு பழைய அலமாரியின் பக்கப் பலகை என்றார். ஓர் ஓரத்தை இழைப்புளியால் இழைத்துக் காட்டவும் சம்மதித்தார். இழைத்த இடத்தில் கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த ரேகை தெரிந்தது. வெள்ளைத் துணியில் பாலிஷ் ஸ்பிரிட்டைத் தொட்டுத் தேய்த்தபோது துணியில் ஊதா நிறம் ஏறியது. இனிமையான மணமும் வந்தது. தோதகத்திக்கு இவை சரியான அடையாளங்கள். பலகையின் முனையில் வளையக் கோடுகள் முகத்துக்குச் செங்குத்தாக நின்றன. மரம் சுருங்கும்போது வளையத்தின் போக்கில் சுருங்கும் அளவு, நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையில் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு இருக்கும் என்பதால், கோடுகள் இப்படி நிற்கும் பலகையே இரண்டரை மில்லிமீட்டர் கனத்துக்கு மெலிந்த பிறகும் கோணாமல் இருக்கும். ஆக, அந்தப் பலகையில் குறை சொல்ல எதுவுமே இல்லை.

"இதே மாதிரி இன்னும் ரெண்டு குடோன்ல கிடக்கு சார். அதே வீட்டு மரம்தான், மச்சுல போட்டிருந்த பலகை. நாளைக்கு வண்டியில அனுப்பிவிடுறேன்," என்றார். நான் முழுத் தொகையையும் அங்கேயே கொடுத்துவிட்டேன். முதல் பலகையைச் சோதித்த நிறைவில், காணாத இரண்டையும் சோதித்ததாகவே என் மனம் எடுத்துக்கொண்டது.

மச்சுப் பலகை, அதாவது மேல்தளத்தில் பாவிய பலகை, என்ற சொல்லே என்னை நிறுத்தியிருக்க வேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் உத்திரமும் மச்சுப் பலகையும் கதவு நிலையும் பெரும்பாலும் பர்மாத் தேக்கில் செய்யப்பட்டவை. தோதகத்தி பெரும்பாலும் கட்டில், ஊஞ்சல், நாற்காலி, அலமாரி போன்ற சாமான்களில்தான் காணப்படும். கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் எத்தனையோ வீடுகளின் வளவில் (உள்முற்றத்தில்) நின்று அண்ணாந்து பார்த்தவன் நான். இருந்தும் அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் மினி லாரியில் மூன்று பலகைகளும் சாக்கில் சுற்றி வந்தன. பின்னால் வந்த இரண்டின் முகத்திலும் பழைய சுண்ணாம்பு அப்பியிருந்தது. அடியில் கருத்த நிறம். சுவரோடு இருந்த மரம் என்று நினைத்து மகிழ்ந்தோமே தவிர, எவரும் ஐயப்படவில்லை. அறைக்குள் அடுக்கி, இடையிடையே கட்டைகள் வைத்து, மூன்று மாதம் அப்படியே விட்டோம்.

தை மாதத்தில் அவ்விரண்டில் ஒன்றை அறுப்பதற்காக மில்லுக்கு எடுத்துச் சென்றோம். அறுத்துக்கொண்டிருந்த தொழிலாளி தொடர்ந்து தும்மினார். தூசிதானே என்று நானும் அதைப் பொருட்படுத்தவில்லை. நான்கரை மில்லிமீட்டர் கனத்தில் ஏடுகளாக வாங்கிவந்து, விலாவுக்குரிய துண்டை இரண்டு மில்லிமீட்டருக்கு இழைத்துத் தண்ணீரில் ஊறவைத்தோம். சிறிது நேரத்தில் தொட்டித் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறியது. சூடேற்றிய குழாயின்மேல் இடுப்பு வளைவை மெல்ல அழுத்தியபோது, வளைவு பாதிகூட ஆகாத நிலையில் நார் குறுக்கே பிளந்துவிட்டது. இரண்டாவது துண்டும் அதே இடத்தில் முறிந்தது. வளைக்கத் தெரியாமல் கெடுத்துவிட்டேன் என்று நண்பர் தம்மையே நொந்துகொண்டார். தவறு அவருடைய கையில் இல்லை என்று அன்று என்னால் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் எனக்கே அப்போது தெரியாது.

முறிந்த துண்டையும் அறுக்காத பலகையையும் எங்கள் தெருவில் உள்ள ஆசாரியிடம் கொண்டுபோனேன். அறுபது வயதைத் தாண்டிய அவர் பழைய வீட்டு நிலைகளையும் கதவுகளையும் பழுதுபார்த்தே வாழ்ந்தவர். பலகையின் நடுவில் இரண்டு முறை ஆழமாக இழைத்தார். உள்ளே மரம் பழுப்பாக இருந்தது. இழைப்பைக் கசக்கி மூக்கருகே கொண்டுபோனவர் உடனே தும்மினார். "வாகை சார் இது. தோதகத்தித் தூளு மணக்கும், வாகைத் தூளு தும்மலைக் கொடுக்கும். மில்லுல யாரும் தும்மலையா?" என்று கேட்டார். எனக்குப் பேச்சே எழவில்லை.

அதன் பிறகு அவர் காட்டிய ஒன்று, நான் கற்றவற்றிலேயே முதன்மையானது என்று கருதுகிறேன். ஈரத்துணியால் சுண்ணாம்பை அவர் துடைத்தபோது, அதன் அடியில் மில் ரம்பத்தின் கோடுகள் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் தெரிந்தன. அந்தக் காலத்து மச்சுப் பலகை பெரும்பாலும் கையால் அறுத்தது. அதன் தடம் ஏறுக்குமாறாக இருக்கும், அல்லது இழைத்து வழவழப்பாக்கியிருப்பார்கள். மில் ரம்பத்தின் கோட்டுக்கு மேலே சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்றால், அறுத்த பிறகு யாரோ பூசியிருக்கிறார்கள் என்பதுதான் பொருள். முதுமை காட்டுவதற்காகவே பூசப்பட்ட சுண்ணாம்பு அது.

வீட்டுக்கு வந்து, அறுக்காமல் இருந்த இரண்டு பலகைகளையும் எடைபோட்டேன். இரண்டுக்கும் நீள அகலம் ஒன்றுதான். ஆனால் தோதகத்தி 11.2 கிலோ, வாகை 8.6 கிலோ. இயற்பியல் கற்பிக்கும் நான் இதைச் செய்யாமல் விட்டேனே என்பது இன்றும் என்னை உறுத்துகிறது. ஈரமானியில் தோதகத்தி 11 சதவீதமும், வாகை மூன்று மாதம் காய்ந்த பின்னும் 17 சதவீதமும் காட்டின. எண்பது ஆண்டுகளாக வீட்டுக்குள் இருந்த மரம் இந்த அளவு காட்ட வழியில்லை. கிட்டார் ஒட்டும் அறையில் காற்றின் ஈரப்பதம் 45 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்பார்கள். அந்தக் காற்றில் மரம் தன்னுள் வைத்திருக்கும் நீர் 8 அல்லது 9 சதவீதம்தான். 17 சதவீதத்தில் ஒட்டிய முதுகுப்பலகை சித்திரை வெயிலில் நடுவே பிளந்துவிடும். ஆகவே, வாகை என்று சொல்லியே விற்றிருந்தாலும் அந்த நிலையில் அது கிட்டாருக்கு உதவாத மரம்.

கடைக்காரரிடம் நேரில் சென்று கேட்டேன். அவர் சினங்கொள்ளவில்லை. "பழைய வீட்டுல எல்லா மரமும் கலந்துதான் சார் வரும். நீங்க பாத்துத்தானே வாங்குனீங்க?" என்றார். பார்த்து வாங்கியது ஒன்றைத்தான் என்றதற்கு, வேண்டுமானால் இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு அதே குடோனிலிருந்து வேறு இரண்டை எடுத்துக்கொள்ளும்படி சொன்னார். பணத்தைத் திருப்பித் தர முடியாது என்பதில் உறுதியாக இருந்தார். குடோனுக்குள் போய்ப் பார்த்தேன். அதே சுண்ணாம்புப் பூச்சுடன், அதே அளவில், பத்துக்கும் மேற்பட்ட பலகைகள் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. பேசாமல் திரும்பிவிட்டேன்.

நுகர்வோர் ஆணையத்தை நாடுவது எளிதுதான். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம், 1915 என்ற எண்ணில் ஆலோசனையும் கேட்கலாம். என் வழக்கின் பலவீனம் என் கையில் இருந்த ரசீது. அதில் "பழைய மரச் சாமான் 3" என்று மட்டும் எழுதியிருக்கிறது. மரத்தின் பெயர் இல்லை, அளவு இல்லை. பேச்சு முழுவதும் நேரிலும் தொலைபேசியிலும் நடந்ததால் எழுத்தில் எதுவும் இல்லை. 27,000 ரூபாய்க்கு வாங்கும் ஒருவர், தோதகத்திப் பலகை மூன்று, இன்ன அளவு, இன்ன வகையில் வந்தது என்று எழுதச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். எழுத மறுத்தால் அப்போதே புரிந்திருக்கும். ஈட்டி மரத்தைப் பொறுத்தவரை அந்த எழுத்து நமக்கே பாதுகாப்பு. எங்கிருந்து வந்தது என்று நாளை எவரேனும் கேட்டால் காட்டுவதற்கு வேறு என்ன இருக்கிறது?

வாங்கப் போகிறவர்கள் ஒவ்வொரு பலகையையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும், சோதித்த பலகையில் அங்கேயே கையெழுத்திட்டு உடன் எடுத்துவர வேண்டும். ஸ்பிரிட் சோதனையை மேற்பரப்பில் செய்யக் கூடாது. சாயமும் ஸ்பிரிட்டில் கரையும் என்பதால், ஆழமாக இழைத்த புது முகத்தில்தான் தேய்த்துப் பார்க்க வேண்டும். இழைக்க விடாத கடையில் வாங்கவே வேண்டாம். வீட்டுத் தராசும் அளவுநாடாவும் கையில் இருந்தால் போதும், இந்த அளவுப் பலகை ஒன்று 9 கிலோவைத் தாண்டவில்லை என்றால் அது தோதகத்தியாக இருக்க வாய்ப்பில்லை. கூடவே ஒரு நல்ல ஆசாரியை அழைத்துச் சென்று, அவருடைய அரைநாள் கூலியை மகிழ்ச்சியோடு கொடுங்கள்.

உண்மையான அந்த ஒரு பலகையைப் பங்குனியில் அறுத்தோம். கணக்குப்படி ஆறு ஏடுகள் வர வேண்டும், ஓர் ஏட்டில் முதுகின் பாதியும் ஒரு விலாவும் கிடைக்கும் என்பதால் மூவருக்குமே போதும் என்று நம்பினோம். உள்ளே புதைந்திருந்த பழைய ஆணி ஒன்றில் ரம்பம் மாட்டி, இரண்டு ஏடுகள் வீணாயின; ரம்பத்தின் விலையையும் நாங்களே கொடுத்தோம். பழைய மரம் அறுக்கக் கொண்டுபோகுமுன் காந்தத்தால் தடவிப் பார்ப்பது ஆசாரிமாரின் வழக்கம் என்பதை அதன் பிறகே அறிந்தேன். மீதி நான்கு ஏடுகளை நண்பர்கள் இருவருக்கும் கொடுத்துவிட்டேன். என்னுடைய கிட்டாருக்கு, ஆசாரி தம் கையாலேயே பிரித்தெடுத்த பர்மாத் தேக்கு நிலை ஒன்றிலிருந்து பலகை கிடைத்திருக்கிறது. தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுமுன் அசிட்டோனால் துடைத்துவிட்டுத்தான் பசை தடவ வேண்டும்.

அந்தக் குடோனில் நான் பார்த்த பலகைகள் அனைத்தும் இதற்குள் விற்றுப்போயிருக்கலாம். கடந்த ஓராண்டுக்குள் காரைக்குடிப் பக்கம், ஐந்தடி நீளத்தில், ஒன்றரை அங்குலக் கனத்தில், சுண்ணாம்பு படிந்த பலகையைப் பழைய வீட்டுத் தோதகத்தி என்று வாங்கியவர்கள், தயவுசெய்து அதை அறுப்பதற்கு முன் சுண்ணாம்பைத் துடைத்து ரம்பக் கோட்டைப் பாருங்கள், நடுவில் ஆழமாக இழைத்து மோந்து பாருங்கள். சந்தேகம் வந்தால் பலகையை முழுதாகவே வைத்திருங்கள். அறுத்துவிட்ட பலகைக்கு எந்தக் கடைக்காரரும் பணத்தைத் திருப்பித் தரமாட்டார்.