2024ஆம் ஆண்டின் பேஸ்பால் அட்டைகள்: ஒரு சேகரிப்பாளரின் மதிப்பீடு

2024 ஏப்ரல் 30 அன்று அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் அரிசோனா டைமண்ட்பேக்ஸ் அணியும் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியும் மோதவிருந்த ஆட்டம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் தாமதமானது. பார்வையாளர்கள்மீது பந்து பாயாமல் இருக்க மட்டையாளர் நின்று அடிக்கும் இடமான ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த வலையின் உச்சியில் தேனீக்கள் கூட்டமாக வந்து அடைந்துவிட்டதே காரணம். தேனீ பிடிக்கும் தொழிலாளி ஒருவரை வரவழைத்தார்கள். அரங்கம் முழுவதும் ஆரவாரம் செய்ய, அவர் உயரே ஏறித் தேனீக்களை அகற்றினார். ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் சம்பிரதாய முதல் பந்தை வீசும் மரியாதையும் அவருக்கே கிடைத்தது. பத்தாவது இன்னிங்ஸில் கிறிஸ்டியன் வாக்கர் பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பி அடித்த ஹோம் ரன்னால் டைமண்ட்பேக்ஸ் 4-3 என்று வென்றது. ஆட்டக்காரர்களின் படமும் விவரமும் கொண்ட சேகரிப்பு அட்டைகளை வெளியிடும் டாப்ஸ் நிறுவனம் அந்தத் தேனீ பிடிப்பவருக்கும் ஒரு பேஸ்பால் அட்டை அச்சிட்டது. 2024இல் வெளிவந்த அட்டைகளில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று யாராவது கேட்டால், நான் முதலில் சொல்வது அதைத்தான்.

பல இலட்சம் டாலருக்கு அட்டைகள் விலைபோன ஆண்டில் இப்படிச் சொல்வது பலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் ஓர் அட்டையைக் கையில் எடுத்தவுடன் நான் பார்ப்பது ஒன்றுதான்: இருபது ஆண்டுகள் கழித்து, இந்த ஆட்டத்தைப் பார்த்திராத ஒருவர் இதன் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பார்த்தால், அந்தப் பருவத்தில் என்ன நடந்தது என்பதில் ஒரு துளியாவது அவருக்குத் தெரியவருமா? அரிதாக அச்சிடப்பட்டது, பளபளப்பானது, கையொப்பம் உடையது என்பவையெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும். இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கும்போது, 2024இன் சிறந்த அட்டைகளில் பெரும்பாலானவை எளிய விலையில் கிடைப்பவையே.

தேனீ அட்டை டாப்ஸ் நவ் என்ற வரிசையைச் சேர்ந்தது. 2016இல் தொடங்கிய இந்த வரிசையில், ஓர் ஆட்டத்தில் குறிப்பிடத்தக்க ஏதாவது நடந்தால் உடனே அதற்கென ஓர் அட்டை இணையத்தில் விற்பனைக்கு வருகிறது. குறுகிய காலத்துக்கு மட்டுமே விற்பார்கள்; அதற்குள் எத்தனை பேர் கேட்டார்களோ அத்தனை அட்டைகள்தான் அச்சாகும், அந்த எண்ணிக்கையையும் பின்னர் வெளியிட்டுவிடுவார்கள். ஒற்றை அட்டையின் விலை அந்த ஆண்டில் ஏறக்குறைய பத்து டாலர். பல அட்டைகள் அடங்கிய ஒரு பேக் முழுவதையும் அதைவிடக் குறைவான விலைக்கு வாங்கலாம் என்பதால் இதை வீண் செலவு என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வழக்கமான அட்டைத் தொகுதி ஒன்று ஆட்டக்காரர்களின் பட்டியலாகத்தான் இருக்க முடியும். ஒரு பருவத்தின் நாட்குறிப்பாக இருப்பது இந்த வரிசை மட்டுமே. தேனீ பிடிப்பவர் எந்தப் பட்டியலிலும் இடம்பெற மாட்டார். ஆனால் 2024ஆம் ஆண்டைப் பற்றிப் பேசும் எந்த பேஸ்பால் ரசிகரும் அவரை விட்டுவிட மாட்டார்.

அதே வரிசையில் டாட்ஜர்ஸ் அணியின் ஷோஹெய் ஒட்டானியின் அட்டை என் தொகுப்பில் இரண்டாவது இடம் பெறுகிறது. செப்டம்பர் 19 அன்று மயாமியில் அவர் ஆறு முறை மட்டையுடன் வந்து ஆறு முறையும் வெற்றிகரமாக அடித்தார். அவற்றில் மூன்று ஹோம் ரன்கள். பத்து ரன்கள் அவர் அடியால் வந்தன, பந்து அடிபடாமலேயே அடுத்த பேஸுக்கு, அதாவது ஓட்டக்காரர் சென்று நிற்கும் அடுத்த நிலைக்கு, ஓடிச் சேர்ந்து இரண்டு பேஸ்களைத் திருடவும் செய்தார். ஒரே பருவத்தில் 50 ஹோம் ரன்களும் 50 பேஸ் திருட்டுகளும் என்ற எல்லையை அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீகின் வரலாற்றில் அதுவரை எவரும் எட்டியதில்லை. அதை அவர் அந்த ஒரே ஆட்டத்தில் தாண்டினார். டாட்ஜர்ஸ் 20-4 என்று வென்று பருவ இறுதியில் நடக்கும் பிளேஆஃப் சுற்றுக்குள் நுழைந்ததும் அன்றுதான். பருவம் முடிந்தபோது அவர் கணக்கில் 54 ஹோம் ரன்களும் 59 திருட்டுகளும் இருந்தன. முழங்கை அறுவைச் சிகிச்சையால் அந்த ஆண்டு அவர் பந்து வீசவே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த நிகழ்வுக்கான அட்டையை ஏராளமானோர் கேட்டதால் ஏராளமாக அச்சிட்டார்கள். ஆகவே அது விலை ஏறும் பொருளாக இருக்காது. அதனாலேயே பள்ளிச் சிறுவனும் அதை வைத்திருக்க முடிகிறது என்பதை நான் ஒரு சிறப்பாகக் கருதுகிறேன்.

டாட்ஜர்ஸ் அணியின் ஃபிரெடி ஃபிரீமனுக்கு, மேஜர் லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில் வந்த அட்டையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அக்டோபர் 25 அன்று நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு எதிரான முதல் ஆட்டத்தின் பத்தாவது இன்னிங்ஸில், மூன்று பேஸ்களிலும் ஆட்கள் நிற்க, கணுக்கால் காயத்தோடு ஆடிய அவர் அடித்த ஹோம் ரன் ஆட்டத்தை 6-3 என முடித்தது. உலகத் தொடர் வரலாற்றில் ஓர் ஆட்டத்தை முடித்துவைத்த முதல் கிராண்ட் ஸ்லாம், அதாவது மூன்று பேஸ்களிலும் ஆட்கள் இருக்கும்போது அடித்த ஹோம் ரன், அதுதான். 1988இல் இதே டாட்ஜர்ஸ் அரங்கில், நடக்கவே சிரமப்பட்ட கர்க் கிப்சன் முதல் ஆட்டத்தில் அடித்த ஹோம் ரன்னை நினைத்துப் பார்க்காதவர் அன்று எவரும் இருந்திருக்க முடியாது.

இனி ஆண்டின் முதன்மைத் தொகுதிக்கு வருவோம். 2010 முதல் மேஜர் லீக் அணிகளின் பெயர்களையும் சின்னங்களையும் அட்டைகளில் பயன்படுத்தும் உரிமை டாப்ஸுக்கு மட்டுமே உண்டு. அந்த நிறுவனத்தை 2022 தொடக்கத்தில் விளையாட்டுப் பொருள் நிறுவனமான ஃபனாட்டிக்ஸ் வாங்கியது. போட்டி இல்லாத இடத்தில் தரம் தளரும் என்ற அச்சம் சேகரிப்பாளர்களிடம் நீண்ட காலமாக இருந்துவருகிறது. 2024இன் முதன்மைத் தொகுதி அந்த அச்சத்தை முழுவதும் போக்கவில்லை என்றாலும், முந்தைய சில ஆண்டுகளைவிட எனக்கு நிறைவு தந்தது. முதல் வரிசை பிப்ரவரியிலும் இரண்டாவது ஜூனிலும் வந்தன; வரிசைக்கு 350 என மொத்தம் 700 அட்டைகள். படத்தின் ஓரத்தில் அணியின் நிறத்தில் நியான் விளக்கை நினைவூட்டும் கோடுகள் ஓடுகின்றன. அந்த ஒளிர்வு இன்னும் சிறிது அடங்கியிருக்கலாம் என்பதே என் கருத்து. ஆயினும் அது புகைப்படத்தை விழுங்கிவிடவில்லை. அட்டையில் ஆட்டக்காரர்தான் முதலில் கண்ணில் படுகிறார்.

முதல் வரிசையில் எல்லோரும் தேடியது சின்சினாட்டி ரெட்ஸ் அணியின் எலி டி லா குரூஸின் ரூக்கி கார்டை, அதாவது புதுமுக வீரராக அவர் இடம்பெறும் அட்டையை. டொமினிகன் குடியரசைச் சேர்ந்த அவர் 2023 ஜூனில் அறிமுகமானார். ரூக்கி கார்டு என்ற முத்திரையுடன் முதன்மைத் தொகுதியில் அவர் வந்தது 2024இல். ஓர் அட்டை வெளியான பருவத்திலேயே அதில் இருப்பவர் தம்மைப் பற்றிய எதிர்பார்ப்பை நிறைவேற்றுவது அடிக்கடி நடப்பதில்லை. டி லா குரூஸ் அந்த ஆண்டு 25 ஹோம் ரன்கள் அடித்ததோடு 67 பேஸ்களைத் திருடி, மேஜர் லீக் முழுவதிலும் முதலிடம் பெற்றார். இரண்டாவது வரிசையில் ஜப்பானிலிருந்து வந்த யோஷினோபு யமமோட்டோவும் மில்வாக்கியின் ஜாக்சன் சூரியோவும் அதே முத்திரையுடன் வந்தார்கள். மூவருடைய சாதாரண அட்டைகளையும் வாங்குவதற்குப் பெரும் தொகை தேவையில்லை.

சாதாரண அட்டை என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒவ்வோர் அட்டைக்கும் இன்று எண்ணற்ற பாரலல்கள், அதாவது அதே படத்தை வேறு நிறத்தில் அல்லது வேறு ஓரத்தில் அச்சிட்ட மாற்றுப் பதிப்புகள் வருகின்றன. தங்க நிறப் பாரலல் 2024 பிரதிகள், அமெரிக்க விடுதலை நாளுக்கானது 76 பிரதிகள், படைவீரர் நினைவு நாளுக்கானது 25 பிரதிகள் எனப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. ஆண்டின் எண்ணிக்கையிலேயே பிரதிகள் அச்சிடும் தங்கப் பாரலலும் 1776ஐ நினைவூட்டும் 76உம் எனக்குப் பிடிக்கும். அந்த எண்களுக்குப் பொருள் உண்டு. நிறத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போகும் மற்றவற்றில் புதிதாக எந்தச் செய்தியும் இல்லை. 1989ஆம் ஆண்டு வடிவத்தின் 35ஆம் ஆண்டு நினைவாகச் சேர்த்திருக்கும் அட்டைகளைப் பற்றியும் எனக்குப் பெரிய உற்சாகம் இல்லை. ராண்டி ஜான்சன், ஜான் ஸ்மோல்ட்ஸ், கிரெய்க் பிஜியோ ஆகியோரின் ரூக்கி கார்டுகள் அந்தப் பழைய தொகுதியில் இருந்தன என்பது உண்மையே. ஆனால் அளவின்றி அச்சடித்துக் குவித்த ஒரு காலத்தின் வடிவத்தை ஆண்டுதோறும் வரிசைப்படி கொண்டாடிக்கொண்டே போக வேண்டியதில்லை.

ஆண்டு முழுவதும் அதிகம் பேசப்பட்ட அட்டை பால் ஸ்கீன்ஸ் உடையது. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் பந்து வீச்சாளரான அவர் 2024 மே 11 அன்று அறிமுகமாகி, நட்சத்திர ஆட்டக்காரர்கள் மோதும் ஆல் ஸ்டார் ஆட்டத்தில், மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான தேசிய லீகுக்காக முதல் பந்து வீச்சாளராக இறங்கி, ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.96 ரன் மட்டுமே விட்டுக்கொடுக்கும் சராசரியுடன் அந்த லீகின் சிறந்த புதுமுக வீரர் விருதையும் பெற்றார். இப்போதெல்லாம் மேஜர் லீகில் முதன்முதலாக ஆட இறங்குபவரின் சட்டைக் கையில் அறிமுகச் சின்னத் துணி ஒன்றைத் தைக்கிறார்கள்; ஆட்டம் முடிந்ததும் அதை எடுத்து, அவர் கையொப்பத்துடன் ஒரே ஓர் அட்டையில் பதிக்கிறார்கள். ஸ்கீன்ஸின் அந்த ஒற்றை அட்டை பளபளப்புப் படலம் கொண்ட டாப்ஸ் குரோம் அப்டேட் தொகுதியின் பேக் ஒன்றில் இருந்தது. அது யாருக்குக் கிடைக்கும் என்று நாடே காத்திருக்க, பைரேட்ஸ் அணி அதற்கு ஈடாக 30 ஆண்டுகளுக்கான இரண்டு பருவச் சீட்டுகள் உட்படப் பலவற்றைத் தருவதாக அறிவித்தது. கிறிஸ்துமஸ் பரிசாக வந்த பேக்கைப் பிரித்த லாஸ் ஏஞ்சலஸ் பகுதியைச் சேர்ந்த 11 வயதுச் சிறுவனுக்கு அது கிடைத்தது. குடும்பத்தினர் அதை ஏலத்துக்கு அனுப்ப, 2025 மார்ச்சில் 11.1 இலட்சம் டாலருக்கு அது விற்பனையானது. வாங்கியது பிட்ஸ்பர்க் அருகே தலைமையகம் கொண்ட டிக்ஸ் விளையாட்டுப் பொருள் கடை நிறுவனம்.

இந்த அட்டையை நான் குறை சொல்லமாட்டேன். விளையாட்டுச் சட்டைத் துணியை அட்டையில் ஒட்டி விற்கும் வழக்கம் கால் நூற்றாண்டுக்கும் மேலாக இருந்துவருகிறது. எந்த ஆட்டத்தில் எப்போது அணிந்தது என்று சொல்லாத வெற்றுத் துண்டுகளே அவற்றில் மிகுதி. அறிமுகச் சின்னமோ ஒரு நாளை, ஓர் ஆட்டத்தை, ஒரு மனிதரைத் திட்டவட்டமாகக் குறிக்கிறது. அண்மை ஆண்டுகளில் அட்டைத் தொழிலில் தோன்றிய மிக நல்ல சிந்தனை இது என்றே நினைக்கிறேன். நம் போன்றோர் வைத்திருக்கக்கூடியது முதன்மைத் தொகுதிக்குப் பின் துணையாக வரும் அப்டேட் தொகுதியில் வந்த அவருடைய சாதாரண ரூக்கி கார்டுதான், அதை வாங்குங்கள். குரோம் பதிப்பை விரும்புவோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: பளபளப்புப் படலம் ஒட்டிய அட்டைகள் காற்றின் ஈரத்துக்கேற்ப வளையும் இயல்புடையவை. வாங்கியவுடன் மெல்லிய உறையில் இட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறையான டாப்லோடருக்குள் வைத்துவிடுவது நல்லது.

முழுத் தொகுதியாக எடுத்துக்கொண்டால் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது 2024 டாப்ஸ் ஹெரிட்டேஜ். பழைய டாப்ஸ் தொகுதி ஒன்றின் வடிவத்தில் இன்றைய ஆட்டக்காரர்களை ஆண்டுதோறும் அச்சிடும் வரிசை இது. 2024இல் 1975ஆம் ஆண்டின் முறை வந்தது. அந்த வடிவத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஓரம் மேலே ஒரு நிறம், கீழே வேறொரு நிறம். சுங்குடிச் சேலையின் உடலும் கரையும்போல ஒன்றோடொன்று மோதும் நிறங்கள்தாம் அதன் அழகு. மேலே பெரிய எழுத்தில் அணியின் பெயர், படத்தின்மீது அச்சிட்ட கையொப்பம், கீழே மூலையில் ஒரு சிறு பந்து, அதனுள் ஆட்டக்காரர் நிற்கும் இடம். பின்பக்கம் சிவப்பும் பச்சையுமாக, ஒரு கேலிச்சித்திரக் கேள்வியோடு இருக்கும்.

1975 தொகுதியில் ஜார்ஜ் பிரெட், ராபின் யவுன்ட் இருவரின் ரூக்கி கார்டுகளும் உண்டு. 660 அட்டைகள் கொண்ட அதில் முதல் எண்ணும் கடைசி எண்ணும் ஹாங்க் ஆரனுக்கே கொடுக்கப்பட்டன. 1974 ஏப்ரல் 8 அன்று 715ஆவது ஹோம் ரன் அடித்து பேப் ரூத்தின் சாதனையை அவர் முறியடித்ததை முதல் அட்டை நினைவுகூர்கிறது. அட்லாண்டாவிலிருந்து மில்வாக்கிக்கு அவர் திரும்பிவிட்டதைக் கடைசி அட்டை காட்டுகிறது. ஒரு தொகுதியை இப்படித் தொடங்கி இப்படி முடிக்கத் தெரிந்தவர்கள் அதை உருவாக்கினார்கள். இன்றைய ஹெரிட்டேஜில் அத்தகைய வரிசை உணர்வு இல்லாதது எனக்குக் குறையே. ஆனால் நிறங்களிலும் எழுத்திலும் பின்பக்கத்திலும் காட்டியிருக்கும் மரியாதை உண்மையானது. வழவழப்பு இல்லாத அட்டையைக் கையில் எடுத்தாலே அது தெரிகிறது.

ஹெரிட்டேஜில் 500 அட்டைகள். அவற்றில் 401 முதல் 500 வரையிலானவை குறைவாக அச்சிடப்படுபவை. ஏறக்குறைய மூன்று பேக்குகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில்தான் வரும். ஆகவே பாக்ஸ் பாக்ஸாகப் பிரித்து முழுத் தொகுதியைச் சேர்க்க முயல்வது பணத்தை விரைவில் கரைத்துவிடும். ஒரு பாக்ஸைப் பிரிக்கும் மகிழ்ச்சியை அனுபவித்துவிட்டு, முதல் நானூறில் மிச்சமிருப்பவற்றை மற்ற சேகரிப்பாளர்களிடம் மாற்றிக்கொள்ளுங்கள். கடைசி நூறைத் தனித்தனியாக விலைகொடுத்து வாங்குங்கள். அவற்றில் நட்சத்திர ஆட்டக்காரர்கள் அல்லாதவர்களின் அட்டைகள் பருவம் முடிந்த குளிர்கால மாதங்களில் மலிவாகவே கிடைக்கின்றன.