நாலு பேருக்கு ஒரு கேபின் போதுமா? குவாண்டம் வகைக் கப்பல் அறைகள்

ராயல் கரீபியன் என்ற சுற்றுலாக் கப்பல் நிறுவனத்தின் குவாண்டம் வகைக் கப்பல்களில், வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேரோடு போகிறவர்கள் பெரும்பாலும் நாலு பேர் படுக்கும் பால்கனி கேபினைத்தான் தேடுகிறார்கள். அதை விட அருகருகே ஜன்னல் இல்லாத இரண்டு உள் கேபின்கள் மேல். சிங்கப்பூர் மரினா பே முனையத்திலிருந்து பினாங்கு, புக்கெட் என மூன்று, நான்கு இரவு போய்வரும் பயணங்களுக்கு இது கண்டிப்பாகப் பொருந்தும்.

வழக்கமான பால்கனி கேபின் 198 சதுர அடி. பால்கனி தனியாக 55. இரண்டு பேருக்கு இது தாராளம். நாலு பேர் என்றால், மூன்றாமவருக்கு சோஃபாவை விரிப்பார்கள், நான்காமவருக்குக் கூரையிலிருந்து ஒரு கட்டில் இறங்கி வரும், ஏற ஏணியும் சாத்தி வைப்பார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது குதூகலம். பதினாறு வயதில் ஆறடி வளர்ந்து நிற்கும் பையனுக்கு அப்படி இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும், நீட்டிப் படுத்தால் கால் முட்டும்.

இன்னொரு சங்கதியைப் பலர் கவனிப்பதில்லை. அடுத்தடுத்த கேபின்களில் பெரிய கட்டில் ஒன்றில் பால்கனிப் பக்கமும் மற்றதில் குளியலறைப் பக்கமும் மாறி மாறி வரும். கட்டில் குளியலறைப் பக்கம் என்றால் சோஃபா பால்கனியை ஒட்டி இருக்கும். காலை ஆறு மணிக்குக் கடல் பார்க்க நினைக்கும் அப்பா, பதினொன்று வரை தூங்கும் மகளைத் தாண்டித்தான் கதவைத் திறக்க வேண்டும். திரை விலகியதும் அறை முழுக்க வெயில். காசு கொடுத்து வாங்கிய பால்கனி பாதி நாள் பூட்டியே கிடக்கும். ஒற்றைக் கேபின்தான் என்று முடிவெடுத்தால், தள வரைபடத்தில் கட்டில் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு எண்ணைத் தேர்ந்தெடுங்கள்.

உள் கேபினில் ஜன்னல் கிடையாது. அதற்குப் பதில் சுவரில் 80 அங்குலத் திரை. வெளியே உள்ள கேமராக்கள் பிடிப்பதை அப்போதைக்கப்போதே காட்டும். அலைச் சத்தமும் வரும், வேண்டாமென்றால் அணைத்துவிடலாம். அணைத்தால் கும்மிருட்டு, வளர்ந்த பிள்ளைகள் கேட்பதும் அதைத்தான். குறை: காற்று இல்லை, துணி உலர்வதற்கு நேரமாகும்.

இரண்டு கேபின் என்றால் இரண்டு குளியலறை. இதற்காகவே இந்த ஏற்பாட்டுக்கு முழு மதிப்பெண் தரலாம். கரையில் இறங்கும் நாளில் ஒன்பது மணிக்குள் நாலு பேர் ஒரே குளியலறையில் தயாராவது லேசில் நடக்காது. சாதாரணக் கேபின்களில் ஹெல்த் ஃபாசெட் கிடையாது, ஒரு பிளாஸ்டிக் குவளை எடுத்துப் போங்கள்.

செலவை ஒப்பிடும்போது அடிப்படைக் கட்டணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கேபினில் மூன்றாவது, நான்காவது ஆளுக்கு அது குறையும். துறைமுக வரியும் டிப்ஸும் தலைக்கு இவ்வளவு என்பதால் சாதாரணக் கேபின் ஒன்றானாலும் இரண்டானாலும் மாறாது. விடுமுறைக் காலங்களில் நாலு பேர் கேபின்கள் முதலில் தீர்ந்துவிடும். மிச்சம் இருப்பதாகத் தெரிந்தாலும் சில சமயம் பதிவு ஆகாது. அந்தப் பகுதிக்கான உயிர்காப்புப் படகுகளில் ஏற்றக்கூடிய ஆள் கணக்கு நிரம்பியிருப்பதே காரணம். அப்போது இரண்டு கேபின் மலிவாகக்கூட அமையும்.

பதிவு செய்வதில் ஒரு முடிச்சு இருக்கிறது. ஒவ்வொரு கேபினிலும் பெரியவர் ஒருவர் பெயர் இருக்க வேண்டும். வட அமெரிக்கப் பயணங்களில் அவருக்குக் குறைந்தது 21 வயது, சிங்கப்பூரிலிருந்து கிளம்பினால் 18. பெற்றோர் பக்கத்திலேயே இருந்தால் விதிவிலக்கு உண்டு, ஆனால் இணையத்தில் பதிவு செய்யும்போது அது செல்லாது. அதனால் காகிதத்தில் அப்பா–மகன், அம்மா–மகள் என்று போட்டுவிட்டு, படுப்பது பெற்றோர் ஒன்றில், பிள்ளைகள் மற்றதில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்பலில் ஏறியதும் விருந்தினர் சேவை மேசையில் கேட்டால், பிள்ளைகள் கேபினைத் திறக்கக் கூடுதல் அட்டை தருவார்கள். கப்பலில் பணம் செலுத்துவதும் கேபின் அட்டையில்தான் என்பதால், பிள்ளைகளின் அட்டையில் செலவு வரம்பையும் அப்போதே போட்டுவிடுங்கள். அவசர காலத்தில் கூட வேண்டிய இடம் காகிதத்தில் உள்ள கேபினைப் பொறுத்தது. இரண்டு கேபினுக்கும் அது வேறு வேறாக இருக்கலாம் என்பதை முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

'கேரண்டி' என்று குறைந்த விலையில் வருவதைத் தொடாதீர்கள். கேபின் எண்ணைக் கப்பல் நிறுவனம்தான் ஒதுக்கும். ஒன்று முன்பக்கம், இன்னொன்று பின்பக்கம் என்று கிடைத்தால் புலம்பிப் பயனில்லை. இடைக்கதவுள்ள கேபின்கள் நல்லவைதான், ஆனால் இரண்டையும் நீங்களே எடுத்தால் மட்டும். ஒன்றை மட்டும் எடுத்தால், கதவு வழியாக அந்நியர் வீட்டுத் தொலைக்காட்சி கேட்டுக்கொண்டே இருக்கும். 13வது தளத்துக்கு நேர் மேலே, 14ல், நீச்சல் குளமும் விண்ட்ஜாமர் பஃபேயும் இருக்கின்றன. விடியற்காலையிலேயே நாற்காலி இழுக்கும் சத்தம் தொடங்கிவிடும். மேலும் கீழும் கேபின்களே உள்ள 8 முதல் 11 வரை, கப்பலின் நடுப்பகுதி பார்த்து எடுத்தால் சத்தமும் இருக்காது, ஆட்டமும் குறைவு.

தாத்தா பாட்டியும் வருகிறார்கள் என்றால் 'ஃபேமிலி கனெக்டட்' தொகுப்பைப் பாருங்கள். ஜூனியர் சூட் (சற்றுப் பெரிய அறை), பால்கனி கேபின், ஒற்றை ஆள் கேபின் மூன்றும் ஒரே வாசலுக்குள் வரும். மூன்று குளியலறை. எண்ணிக்கை குறைவு, சீக்கிரம் போய்விடும்.

பிளக் விஷயம்: சுவரில் அமெரிக்கத் தட்டை முள், ஐரோப்பிய வட்ட முள் என இரண்டு வகைத் துளைகள். நம் ஊர் இரட்டை முள் சார்ஜர் வட்டத் துளையில் நுழையும். சிங்கப்பூரின் மூன்று முள் நுழையாது. எக்ஸ்டென்ஷன் பெட்டியைக் கொண்டுபோனால் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். காந்தக் கொக்கிகளை எடுத்துப் போங்கள், சுவர் உலோகம் என்பதால் பையும் ஈரத் துண்டும் மாட்டலாம்.